சித்திரை வெயிலும் ஆடியில் நிற்காத சினையும்

வணக்கம் ஐயா. பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் ஐந்து வயது ஆலம்பாடி பொலிகாளை ஒன்று நிற்கிறது. ஆனிக் கடைசியில் சேர்த்த நான்கு மாடுகளில் மூன்று மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டன. காளை சுறுசுறுப்பாகத்தான் ஏறுகிறது. சந்தைக்கு ஓட்டச் சொல்கிறார்கள் சிலர். மருந்துக்கடையில் செலினியம் ஊசி போடச் சொன்னார்கள். மருமகன் ‘ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்’ என்கிறார். அது என்ன?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மருமகன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கடலை எண்ணெயைத் திறந்து போட்டால் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? ஏறக்குறைய அதேதான் விந்தணுவுக்கும் நடக்கிறது. அதன் மேல்சவ்வு முழுக்க எளிதில் காறிப்போகும் வகைக் கொழுப்பு. மற்ற செல்களுக்கு உள்ளே பழுது பார்க்கச் சரக்கு உண்டு. விந்தணுவோ ஓட்டத்துக்காக மூட்டை முடிச்சையெல்லாம் இறக்கிவிட்டு, தலையும் வாலுமாகப் புறப்பட்ட ஜீவன். ஆக்ஸிஜனிலிருந்து பிறக்கும் வேகமான மூலக்கூறுகள் அளவுக்கு மீறித் தாக்கினால் வால் தளர்கிறது, டிஎன்ஏ உடைகிறது. இதைத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்கிறார் மருமகன். உடைந்த டிஎன்ஏவோடு சில அணுக்கள் போய்ச் சேர்ந்தாலும் கரு தரிக்காமல் கலைந்துவிடும். நமக்குத் தெரிவதெல்லாம் மாடு திரும்பப் பருவத்துக்கு வந்ததுதான்.

சூடு கூடினால் இந்த மூலக்கூறுகளும் பெருகும். விரைப்பை வெளியே தொங்குவதே உடல் சூட்டைவிட 2 முதல் 6 டிகிரி குறைவாக இருக்கத்தான். அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் நின்ற காளைக்கு அந்தக் குளிர்ச்சி எங்கே கிடைக்கும்?

காளைக்கு ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 61 நாள், அது முதிர்ந்து வெளிவர இன்னும் பத்து நாள் போல. எனவே சித்திரையில் பட்ட சூடு ஆனி, ஆடி வரைகூடத் தெரியும். அப்போது காற்றடிக்கும், காளையும் தெம்பாக நிற்கும், நாம் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். ஏறுகிற வேகத்தை வைத்து விந்தின் தரத்தைச் சொல்லவே முடியாது.

விற்க வேண்டாம். ஆவணிக் கடைசி வரை காளையைச் சேர்க்காமல் வையுங்கள். அப்புறம் கால்நடை மருத்துவரிடம் விந்துப் பரிசோதனை கேளுங்கள். செலினியம் அந்தத் தாக்குதலைத் தடுக்க உதவும் தாது உப்புதான், ஆனால் ஊசியை அவர் சொல்லாமல் போடவே கூடாது, அளவு மீறினால் நஞ்சு. விந்தணு முட்டையைத் துளைக்கத் தயாராவதற்கே அந்த ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் கொஞ்சம் தேவை என்பதால், அடியோடு ஒழிப்பதும் சரியில்லை. வெறும் வைக்கோல் போட்டிருந்தால் பச்சைத் தீவனம் சேருங்கள், வைட்டமின் ஈ அதில்தான் இருக்கிறது. அடுத்த கோடைக்குள் புளிய மரத்தடிக்குக் கட்டுத்தறியை மாற்றிவிடுங்கள்.

திரும்பாத அந்த நான்காவது மாட்டையும் இரண்டு மாதம் கழித்துச் சினை பார்க்கச் சொல்லுங்கள். திரும்பிய மூன்றின் கருப்பையையும் ஒரு பார்வை பார்க்கட்டும், பழி முழுவதும் காளை தலையில் வேண்டாம்.