ஆலோசகருக்குப் பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: பண்ருட்டி பக்கம் காடாம்புலியூரில் முந்திரிக் கொட்டை உடைக்கும் கூடம் வைத்திருக்கிறேன். 24 பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு வருடமாக முழுப் பருப்பு குறைந்து உடைசல் கூடிக்கொண்டே போகிறது. சென்னை ஆலோசகர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார். மகன் வைக்கலாம் என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: அவரிடம் என்ன கேட்கப் போகிறீர்கள்? "உடைசல் கூடுகிறது, சரி செய்யுங்கள்" என்பதோடு நின்றால், முதல் மாதப் பணம் அவர் உங்கள் கூடத்தைச் சுற்றிப் பார்க்கவே சரியாகிவிடும். உடைசல் எந்த இடத்தில் விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும்.

இரண்டு வாரம் ஒவ்வொரு லாட்டையும் தனியாக வைத்து, உடைத்ததும் ஒரு முறை, போர்மாவில் (பருப்பைக் காய வைக்கும் சூடான அறை) காய்ந்து வந்ததும் ஒரு முறை, தோல் உரித்ததும் ஒரு முறை உடைசலை எடை போடுங்கள். உடைக்கும்போதே நொறுங்கினால், ஆவியில் வெந்தது போதவில்லை, அல்லது ஆறுவதற்குள் உடைக்கிறீர்கள். பெரிய கொட்டையும் சின்னக் கொட்டையும் பிரிக்காமல் ஒரே பிளேடுக்குப் போனாலும் இப்படித்தான் ஆகும். உரிக்கும்போது உடைந்தால், போர்மாவில் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. ஒரு வியாபாரியின் சரக்கில் மட்டும் கூடுகிறதென்றால் கோளாறு கொட்டையிலேயே இருக்கிறது. உரிக்கும் பெண்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள். நாள் முழுக்கப் பருப்பைக் கையில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

கடலூர் முதுநகரில் நான் ஐஸ் தொழிற்சாலை நடத்தியபோது மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. ஓர் ஆலோசனை நிறுவனத்தை அழைத்து, "செலவைக் குறைத்துக் கொடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். 60 பக்க அறிக்கை தந்தார்கள். ஆள் குறைப்பு, கணக்கு மென்பொருள் என்று எல்லாம் இருந்தது, கம்ப்ரசரைப் பற்றி ஒரே ஒரு பத்தி. கட்டணம் குறையவில்லை. அடுத்த வருடம் தினமும் மீட்டரைக் குறித்து, ஒரு ஐஸ் பாளத்துக்கு எத்தனை யூனிட் போகிறது என்று எழுதி வைத்தேன். அந்த நோட்டோடு, குளிர்பதன வேலையில் ஓய்வு பெற்ற ஒருவரை இரண்டு நாள் அழைத்தேன். வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் குழாய்களில் உப்பு படிந்து, அதனால் மின்சாரம் கூடுதலாகப் போவதை முதல் நாளே காட்டிவிட்டார். நம் பக்கத்துத் தண்ணீர் அப்படி.

நீங்களும் அந்த நோட்டை எழுதி முடியுங்கள். காரணம் தெரிந்தும் கைக்கு அடங்கவில்லை என்றால், உதாரணமாக ஆவி அழுத்தத்தைச் சரி செய்யத் தெரிந்தவர் உங்களிடம் இல்லை என்றால், அப்போது தயங்காமல் வெளியாளை அழையுங்கள். ஏற்றுமதிக்குப் போக உணவுப் பாதுகாப்பு முறைகளை அமைக்க வேண்டுமா, அதற்கும் அழைக்கலாம். அது ஒரு தடவை வேலை. தினமும் கூடத்தைப் பார்த்துக்கொள்ள என்றால் ஒரு நல்ல மேற்பார்வையாளரைச் சம்பளத்துக்கு எடுங்கள்.

சென்னைக்காரரையே அழைப்பதானால், லாட் வேகும் நாளில் அவர் கொதிகலன் பக்கத்தில் நிற்க வேண்டும், உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பணத்தை மூன்று தவணையாகப் பிரியுங்கள். கடைசித் தவணை முழுப் பருப்பு எடை கூடிய பிறகு. அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரென்றால் 18 சதவீதம், அதாவது 27,000 ரூபாய் மேலே வரும். நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு தொழில்காரர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் முறை) இருந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: வில்லியனூரில் தையல் கூடம் தொடங்குகிறேன். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்து தர ஓர் ஆலோசகர் 5,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. 2020 ஜூலையில் தொடங்கிய அந்தப் பதிவுக்கு அரசாங்கம் கட்டணமே வாங்குவதில்லை. ஆவணம் எதையும் ஏற்ற வேண்டியதும் இல்லை. உங்கள் ஆதார், பான் எண்களையும், ஆதாரோடு இணைத்த கைபேசியையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அந்த 5,000 ரூபாய்க்கு நூல் வாங்குங்கள்.