வேலைக்கு ஆண், பெண் உண்டா?

கேள்வி: எங்கள் ஆலயத்தின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் டோரதி சேயர்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரைப் பற்றிப் பேசினார்கள். பெண்களின் வேலையைப் பற்றி நகைச்சுவையோடு எழுதியவராமே? வீட்டைக் கவனிப்பதுதான் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகு என்கிறார் என் அண்ணன். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற சேயர்ஸ் (1893-1957), இயேசுவின் வாழ்க்கையை வானொலி நாடகமாக எழுதியவர். ஆக்ஸ்போர்டில் 1915-இல் முதல் வகுப்பில் தேறியும், பெண் என்பதால் பட்டத்துக்கு 1920 வரை காத்திருந்தார். 'பெண்கள் மனிதர்களா?' என்று அவர் 1938-இல் ஆற்றிய உரையில் ஒரு செய்தி வருகிறது. ஆண்கள் தமக்குள் பேசிக்கொள்வதை இத்தனை இயல்பாக எழுத உங்களுக்கு எப்படி முடிகிறது என்று ஒருவர் வியந்து கேட்க, கூடியவரை சாதாரண மனிதர்களைப் போலவே அவர்களைப் பேசவைத்தேன் என்று பதில் சொன்னாராம்.

உங்கள் அண்ணனுக்கு உரிய விடை சேயர்ஸின் வரலாற்று வாதத்தில் இருக்கிறது. நூற்பதும் நெய்வதும் சாயம் தோய்ப்பதும் ரொட்டி சுடுவதும் ஊறுகாய் போடுவதும் ஒரு காலத்தில் வீட்டுப் பெண்களின் கையிலிருந்த தொழில்கள். அவற்றையெல்லாம் ஆலைக்குக் கொண்டுபோய் ஆண்கள் தலைமை ஏற்றுக்கொண்ட பிறகு, பெண்ணை மட்டும் வீட்டிலேயே இரு என்பது என்ன நியாயம் என்று கேட்டார். நம் மலையிலேயே பாருங்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளப் பெண்ணின் விரல்தான் பொருத்தம் என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, சரிவில் கால் ஊன்றி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியவர்கள் பெண்கள், அதை எடை போட்டுக் கணக்கெழுதியவர் பெரும்பாலும் ஆண். இயந்திரம் வந்துவிட்ட தோட்டங்களில் அதைப் பிடிப்பவரும் பெரும்பாலும் ஆணே. அப்படியானால் விரலின் பொருத்தம் எங்கே போயிற்று? வேலையை நன்றாகச் செய்பவருக்கே அது உரியது என்பதுதான் சேயர்ஸின் கட்சி. எல்லாப் பெண்களும் ஆண்கள் செய்வதையெல்லாம் செய்தே ஆகவேண்டும் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அவரவர் திறமையையும் விருப்பத்தையும் பார்க்கச் சொன்னார்.

வேதத்துக்கு வருவோம். பணிவிடையில் அலைக்கழிந்த மார்த்தாள் தனக்கு உதவிசெய்யத் தங்கையிடம் சொல்லும்படி இயேசுவிடம் முறையிட்டபோது, தம் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மரியாளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்றார் அவர். இந்த வசனத்துக்கு ஏதாவது சமாதானம் சொல்லி மழுப்பாத பிரசங்கம் ஒன்றைக்கூடத் தாம் கேட்டதில்லை என்கிறார் சேயர்ஸ். லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்களை உங்கள் அண்ணனையே வாசிக்கச் சொல்லிவிட்டு, அதன்பிறகு உங்கள் வேலையைப் பற்றிப் பேசுங்கள்.