ஆஸ்திரேலியாவின் விவசாய ஊர்களில் ஊர் வாழ்க்கை என்று ஒன்று உண்டா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பெருநகரங்களைத் தாண்டி உள்ளே இருக்கும் விவசாய ஊர்கள் எப்படி இருக்கும்? நம் கிராமங்களைப் போல ஊர், உறவு, ஒருவருக்கொருவர் ஒத்தாசை என்று ஏதாவது உண்டா? இல்லை, பெரிய பெரிய பண்ணைகளும் ஆளில்லாத தெருக்களும்தானா?

பதில்:

உண்டு. பண்ணைகள் பெரியவை, தெருவில் ஆள் குறைவு, இரண்டும் உண்மை. ஆனாலும் ஊர் என்ற உணர்வு அங்கே பலமாக இருக்கிறது. சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிற மனிதர்கள்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். பயிர் ஆலோசகராக விக்டோரியா மாநிலத்தின் மேற்கில் நில் என்ற ஊரில் குடும்பத்தோடு குடியிருந்தேன். எனக்குத் தெரிந்த அந்த ஓர் ஊரை வைத்தே சொல்கிறேன்.

மெல்பனிலிருந்து அடிலெய்டு போகும் நெடுஞ்சாலையில், இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது நில். சுமார் 2,000 பேர். சுற்றிலும் விம்மெரா சமவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமை, பார்லி, கனோலா, பயறு வகைகள். ஆண்டு மழை 400 மில்லிமீட்டரை ஒட்டித்தான். பாசனம் கிடையாது, முழுக்க மானாவாரி. நம் ஊரில் இந்த மழைக்கு ஆடு மேய்ப்பார்கள். அங்கே குளிர்காலத்தில் பெய்கிற மழையும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண்ணும் சேர்ந்து நல்ல விளைச்சல் தருகின்றன.

அந்த மண் வோட்ஜோபலுக் என்ற பூர்வகுடி மக்களுடையது. 1840களில் ஆட்டு மந்தைகளோடு வெள்ளையர்கள் வந்து நிலத்தை வளைத்துக்கொண்டார்கள். நீர்நிலைகளும் வேட்டைக்காடுகளும் பறிபோயின, நோய் வந்தது, உயிர்கள் போயின. மிஞ்சியவர்களில் பலர் பக்கத்து ஊரான டிம்பூலாவுக்கு அருகே மொராவியக் கிறிஸ்தவப் பாதிரிமார் 1859இல் தொடங்கிய எபனேசர் மிஷனில் அடைக்கலமானார்கள். அதையும் 1904இல் மூடிவிட்டார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 2005 டிசம்பரில், வோட்ஜோபலுக் உள்ளிட்ட மக்களின் பூர்வீக நில உரிமையை நீதிமன்றம் ஏற்றது. விக்டோரியாவில் அப்படி வந்த முதல் தீர்ப்பு அது. இந்த ஊர்களின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் கலப்பையிலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கு அது சரியாகப் படுவதில்லை. கலப்பை இறங்கியபோது அங்கே ஏற்கெனவே ஒரு நாடு இருந்தது.

கலப்பை வந்தது நிலச் சட்டங்களின் வழியாக. 1869ஆம் ஆண்டின் விக்டோரியச் சட்டப்படி ஒருவர் 320 ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளலாம். அங்கேயே குடியிருக்க வேண்டும், வேலி போட வேண்டும், உழுது பயிர் வைக்க வேண்டும். அதை நம்பிப் பல குடும்பங்கள் வந்தன. தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரை வண்டியில் வந்த ஜெர்மன் லூத்தரன் குடும்பங்கள் அவர்களில் நிறைய. 1887இல் மெல்பன்–அடிலெய்டு ரயில் பாதை இணைந்தபோது நில் ஊரின் கோதுமைக்கு இரண்டு பக்கமும் வழி திறந்தது. நிலத்தை உழுததும் மூட்டை இழுத்ததும் கிளைட்ஸ்டேல் வண்டிக் குதிரைகள். ஊர் நடுவே கோல்ட்ஸ்வொர்தி பூங்காவில் அந்தக் குதிரைகளுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. வெண்கலக் குதிரைமேல் வீரன் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு அந்தச் சிலையை மிகவும் பிடிக்கும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். தெருவில் ஏன் ஆள் இல்லை?

320 ஏக்கரில் அந்த மழைக்கு ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்க முடியாது. ஒரு வறட்சி வந்தால் பக்கத்துப் பண்ணைக்காரர் விற்றுவிட்டுப் போவார், இவர் வாங்கிக்கொள்வார். டிராக்டர் பெரிதாகப் பெரிதாக ஒரே ஆள் அதிக நிலத்தைப் பார்க்க முடிந்தது. இன்று ஒரு குடும்பப் பண்ணை பல ஆயிரம் ஏக்கர். ஒரு பண்ணை இன்னொன்றோடு சேரும்போது ஒரு வீடு காலியாகிறது, பள்ளியில் மூன்று நாற்காலி காலியாகிறது, கால்பந்து அணியில் ஓர் இடம் காலியாகிறது. யானாக், நெதர்பி, கியாட்டா என்று நில்லைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு காலத்தில் கடை, பள்ளி எல்லாம் இருந்த இடங்கள். பயிர் தோற்று இந்த ஊர்கள் சுருங்கவில்லை. விவசாயம் நன்றாக நடக்கும்போதே சுருங்கின.

ஆள் குறையக் குறைய, இருப்பவர்கள் தலையில் வேலை கூடும். தீயணைப்புப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமப்புற விக்டோரியாவில் தீயணைப்பு என்பது சிஎஃப்ஏ (கன்ட்ரி ஃபயர் அத்தாரிட்டி) என்ற தொண்டர் படை. 1939, 1944 பெருந்தீக்களுக்குப் பிறகு 1945இல் உருவானது. மெக்கானிக், ஆசிரியை, விவசாயி, மருந்துக்கடைக்காரர் என்று எல்லாரும் அதில் இருப்பார்கள். பேஜர் அடித்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு பண்ணையிலும் யூட் என்ற திறந்த பின்பகுதி உள்ள வண்டியின் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றித் தயாராக நிற்கும். 2025 ஜனவரி கடைசியில் மின்னல் விழுந்து நில்லுக்குத் தெற்கே உள்ள லிட்டில் டெஸர்ட் தேசியப் பூங்காவில் 90,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. டிம்பூலா மக்களை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் அளவுக்குப் போனது. அப்போதும் முன்னால் நின்றவர்களில் இந்தத் தொண்டர்கள் இருந்தார்கள்.

அந்தப் பூங்கா இன்று இருப்பதற்கும் ஒரு கதை உண்டு. 1969இல் மாநில அரசு லிட்டில் டெஸர்ட்டின் பெரும்பகுதியைப் பண்ணைகளாகப் பிரித்துக் கொடுக்கத் திட்டமிட்டது. மணற்பாங்கான நிலத்தில் பயிர் தேறாது என்று பொருளாதாரம் தெரிந்தவர்களும், காட்டை அழிக்காதே என்று இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. மல்லீபவுல் என்ற பறவை இன்னும் அங்கே வாழ்கிறது. ஆண் பறவை இலைதழையும் மணலும் சேர்த்துப் பெரிய மேடு கட்டி, அழுகும் இலையின் சூட்டில் முட்டையைப் பொரிக்க வைக்கும். அலகை மணலுக்குள் விட்டுச் சூடு பார்த்து, மண்ணைத் தள்ளியும் மூடியும் 33 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்ளும். கேள்விக்கு இது சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை என்றால் மைதானம். ஆண்களுக்கு ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து, பெண்களுக்குக் கூடைப்பந்து போன்ற நெட்பால். ஒரே கிளப், ஒரே நாள், ஒரே இடம். காலையில் சிறுவர் ஆட்டம் தொடங்கி மாலைவரை நடக்கும். வண்டிகளை ஓவல் மைதானத்தின் வேலியை ஒட்டி நிறுத்திவிடுவார்கள். கோல் விழுந்தால் எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கும். கேன்டீனில் யார் நிற்பது, வாசலில் யார் டிக்கெட் கிழிப்பது, ஜெர்சியை யார் துவைப்பது என்று எல்லாவற்றுக்கும் ரோஸ்டர், அதாவது முறைவைத்துப் பெயர் எழுதிய பட்டியல். என் மனைவிக்கு அந்த கேன்டீன் ஜன்னலில்தான் ஊர் பழகியது. மழை பெய்ததா, எத்தனை மில்லி, யார் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, யார் வீடு விலைக்கு வருகிறது எல்லாம் அங்கே தெரியும். ஒரு கிளப் மூடப்படுகிறது என்றாலோ பக்கத்து ஊரோடு இணைகிறது என்றாலோ பெரியவர்கள் கண்கலங்குவதற்குக் காரணம் விளையாட்டு மட்டும் இல்லை. வாரத்தில் ஒருமுறை எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கிற வழி அதோடு போய்விடுகிறது.

ஒத்தாசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓர் ஆண்டு, அறுவடைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி புற்றுநோய் சிகிச்சைக்காக மெல்பனில் படுத்துவிட்டார். கோதுமை முற்றி நிற்கிறது, மழை வந்தால் தரம் போய்விடும். ஒரு நாள் காலை அவர் நிலத்தில் ஏழெட்டு ஹெடர் என்ற அறுவடை இயந்திரங்கள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரருடையது. அவரவர் பயிர் அவரவர் நிலத்தில் அறுக்காமல் நிற்கிறது. ஹெடர் நிற்காமல் ஓட, பக்கத்திலேயே டிராக்டரில் தொட்டி வண்டி ஓடித் தானியத்தை வாங்கிக்கொண்டது. வரப்பில் மடக்கு மேஜை போட்டு பெண்கள் சாண்ட்விச்சும் கேக்கும் தேநீரும் வைத்திருந்தார்கள். டீசலைக்கூட யாரோ கொடுத்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் முடிந்தது. அடுத்த நாள் யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. இது அபூர்வமான நிகழ்ச்சி இல்லை. அந்தப் பக்கத்து ஊர்கள் எதில் கேட்டாலும் இப்படி ஒன்று சொல்வார்கள்.

அறுவடைக் காலத்தில் ஊரின் மையம் தானியத்தைச் சேமிக்கும் சைலோதான். லாரி வந்து நின்றதும் மேலிருந்து ஒரு குழாய் இறங்கித் தானியத்தை உறிஞ்சி மாதிரி எடுக்கும். ஈரப்பதம் 12.5 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புரதம் 13 சதவீதம் இருந்தால் முதல் தரக் கடினக் கோதுமை, 11.5 என்றால் அடுத்தது, 10.5 என்றால் அதற்கும் கீழே. அந்த எண்ணுக்காக ஓட்டுநர்கள் ஜன்னலோரம் காத்து நிற்பதைப் பார்க்க, பரீட்சை முடிவுக்குக் காத்து நிற்பதுபோலவே இருக்கும். மாதிரி பார்ப்பவர்களில் நிறையப் பேர் விடுமுறைக்கு வீடு வந்த கல்லூரிப் பிள்ளைகள்.

நம்மோடு நேரான தொடர்பும் இங்கேதான். விம்மெராவில் 1990களிலிருந்து மைசூர் பருப்பு பெரிய அளவில் விளைகிறது. செடி குட்டை, காய் தரையை ஒட்டி இருக்கும். அதனால் விதைத்த பிறகு கனமான உருளையை ஓட்டி மண்கட்டியையும் கல்லையும் அழுத்திச் சமமாக்குவார்கள். இல்லையென்றால் அறுக்கும்போது மண்ணும் சேர்ந்து வரும். இந்தப் பருப்பு இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இலங்கைக்கும் போகிறது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேகும் பருப்பில் ஒரு பங்கு இந்த மண்ணில் விளைந்தது. 2017 டிசம்பரில் இந்திய அரசு மைசூர் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் 30 சதவீத இறக்குமதி வரி போட்டபோது இங்கே விலை சரிந்தது. நம் பருவமழை எப்படி, டெல்லி என்ன செய்யும் என்று என்னைக் கேட்காத விவசாயி குறைவு.

இனி, ஆள் குறைவதைப் பற்றி இந்த ஊர் செய்த காரியம். மற்ற எல்லாவற்றையும்விட இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நில்லில் லவ்-எ-டக் என்ற வாத்துப் பண்ணை நிறுவனம் இருக்கிறது. 2009 வாக்கில் தொழிலை விரிவாக்க ஆள் தேடியபோது ஊரில் ஆள் இல்லை. அப்போது மெல்பனின் மேற்குப் புறநகரான வெரிபீயில் கரேன் இனத்து அகதிகள் நிறையப் பேர் இருந்தார்கள். பர்மாவின் போரிலிருந்து தப்பி, தாய்லாந்து எல்லை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவர்கள். அடிப்படையில் கிராமத்து விவசாயிகள். 2010 தொடக்கத்தில் முதல் ஐந்து பேர் வேலைக்கு வந்தார்கள். பிறகு குடும்பம், சொந்தக்காரர்கள் என்று தொடர்ந்து, சில ஆண்டுகளில் ஊரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் கரேன். 2015இல் வந்த ஓர் ஆய்வு, இதனால் வட்டாரத்தில் 70.5 முழுநேர வேலைக்கு இணையான வேலைவாய்ப்பும் சுமார் 4.15 கோடி டாலர் பொருளாதாரப் பலனும் உண்டானதாகக் கணக்கிட்டது.

எண்ணைவிட, அது நடந்த விதம்தான் முக்கியம். நிறுவனத்தின் மேலாளரும் அவர் மனைவியும் ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே பேசினார்கள், யார் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று. கரேன் பெரியவர்களும் வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வீடு பார்த்துக் கொடுத்தது, ஆங்கில வகுப்பு, கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது எல்லாம் தொண்டர்கள். தீயணைப்புக்கும் கேன்டீனுக்கும் ரோஸ்டர் போட்டுப் பழகிய அதே கைகள். அந்தப் பழக்கம் இல்லாத ஊரில் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் பக்கத்து வீட்டு கரேன் அம்மா கோடையில் கொல்லை முழுக்கக் காய்கறி போடுவார். ஒரு நாள் வேலிக்கு மேலே ஒரு கட்டு கீரை நீட்டினார். பார்த்தால் புளிச்சக்கீரை! மிளகாய் கிள்ளிப் போட்டுக் கடைந்து ஒரு கிண்ணம் அவருக்கும் கொடுத்தோம். அவர்கள் அதையே இறாலும் மூங்கில் குருத்தும் போட்டு வதக்குவார்களாம்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சிறப்பு மருத்துவரைப் பார்க்க பெரிய ஊர்களான ஹார்ஷமோ பலராட்டோ போக வேண்டும். வங்கிக் கிளைகள் இந்த ஊர்களில் ஒவ்வொன்றாக மூடுகின்றன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள். அக்டோபரில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் பூவெடுத்த கோதுமை பதராகி வைக்கோலுக்குத்தான் ஆகும். அந்த வாரம் ஊர் முழுக்க முகம் வாடியிருக்கும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால் உங்கள் வீட்டுச் சண்டையும் வெளியே தெரியும்.

நீங்கள் அப்படி ஓர் ஊருக்குப் போக யோசித்தால்: வேலை கிடைக்கும், வாடகை வீடுதான் கிடைக்காது, அதை முதலில் பாருங்கள். செவிலியர், மருத்துவர், ஆசிரியர், டீசல் மெக்கானிக், பயிர் ஆலோசகர் எல்லாருக்கும் தேவை இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் யாராவது வந்து அழைப்பார்கள் என்று காத்திருக்காமல் ஏதாவது ஒரு கமிட்டியில் பெயர் கொடுத்துவிடுங்கள்.