உபகாரச் சம்பளத்துக்கு மேடை எதற்கு?

கேள்வி: எங்கள் சங்கம் உள்ளூர் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் உபகாரச் சம்பளம் வழங்குகிறது. மேடையேறி வாங்கிப் போகிற பிள்ளைகள் அதன்பிறகு எங்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிச் சமூகத்துக்கு உழைப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டால் என்ன? (சங்கப் பொறுப்பாளர் ஒருவர், பட்டர்வொர்த்)

பதில்: மேடை என்று எழுதிவிட்டீர்கள். எழுதி வாங்குவதைப் பிறகு பார்ப்போம், முதலில் இந்த மேடையைப் பேசியாக வேண்டும்.

போன ஆண்டு பிறையில் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். அழைப்பிதழில் மணி இரண்டு. சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தபோது நான்கரை. குத்துவிளக்கு, தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. பிள்ளைகளைக் கூப்பிடும்போது ஆறு ஆகிவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தகப்பனார் என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஒரு பெண் தன் நெஞ்சை மறைக்கும் அளவு பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தாயார் தொழிற்சாலைச் சீருடையில், கழுத்தில் வேலைக்கார்டு தொங்க, கதவோரம் நின்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழு மணிக்கு அவருக்கு இரவு ஷிஃப்ட். படம் எடுத்து முடித்ததும் அதே அட்டையை வாங்கி, பெயரின்மேல் வேறு தாளை ஒட்டி, அடுத்த பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். உண்மையான காசோலை பின்னால் வரும் என்றார்கள். பல்கலைக்கழகத்தில் பதிந்துகொள்ளும் நாளோ அதற்கு முன்பே போய்விட்டது.

அந்தப் பெண் அந்தச் சங்கத்தின் பக்கம் மறுபடி வரவில்லை என்றால் அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. வீட்டு வறுமையை ஊரறிய வாசித்தவர்களிடம் எந்த முகத்தோடு திரும்பி வருவாள்? அட்டைக் காசோலைப் படங்களை இந்த இதழில் போடமாட்டோம் என்று ஏற்கெனவே அறிவித்திருக்கிறேன். அதற்காகச் சில செயலாளர்கள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டாலும் அந்தப் படங்கள் வராது.

பணம் எந்த நாளில் கைக்கு வருகிறது என்பதே பாதி உதவி. பதிவுக் கட்டணம், விடுதி, மடிக்கணினி, பேருந்து டிக்கெட் எல்லாம் முதல் வாரத்திலேயே கேட்கும். பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் கைக்கு வரும்வரை பிள்ளைகள் பக்கத்துவீட்டில் கடன் வாங்குகிறார்கள், தாயாரின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது. பிறகு வட்டியையும் சாப்பாட்டுச் செலவையும் ஈடுகட்ட இரவு நேரத்தில் ஏதாவது உணவுக்கடையில் வேலை. விடிந்தால் வகுப்பில் தூக்கம். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளை அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறினால் பிடிபிடிஎன் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். இரவு வேலை அந்த முதல் வகுப்பைத்தான் முதலில் பறிக்கிறது. உங்கள் சங்கம் மாதம் 200 வெள்ளி தவறாமல் கொடுத்தால் அந்தப் பிள்ளை இரவு வேலையை விடலாம். மேடையில் ஒருமுறை கொடுக்கும் 1,000 வெள்ளியால் அது ஆகாது. பத்துப் பேருக்குப் பகிர்ந்து பத்துப் படம் எடுப்பதைவிட இரண்டு பேரைக் கடைசி ஆண்டுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய காரியம்.

கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது கோ. சாரங்கபாணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பத்திரிகைக்காரன் என்பதால் எனக்குக் கூடுதல் உரிமை. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரப்போகிறது என்றபோது, அங்கே சமஸ்கிருதத்துக்கு முதலிடமா, தமிழுக்கா என்ற வழக்கு எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியரான அவர் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டக் கிளம்பினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் சீவியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் அவர்களைப் போன்ற கூலிக்காரர்களும் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது, தமிழுக்கு அங்கே இடம் உறுதியானது. அந்தத் துறையில் படித்து வந்தவர்களிடம் நம்மில் பலர் தமிழ் கற்றோம். வெள்ளி கொடுத்தவர்களில் யாரும் எந்த மாணவனிடமும் எதையும் எழுதி வாங்கவில்லை. எந்த மாணவன் படிக்கப்போகிறான் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்ப வேண்டும் என்கிறீர்கள். நம் பினாங்குப் பையன் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த வூ லியன் தே, 1896இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜ் போனார். மருத்துவராகத் திரும்பி வந்து பினாங்கில் வைத்தியம் பார்த்தார், அபின் பழக்கத்தை எதிர்த்து நின்றார். பிறகு சீனா போனார். 1910 கடைசியில் சீனாவின் வடகிழக்கில், மஞ்சூரியாவின் ஹார்பின் நகரத்துப் பக்கம் நுரையீரல் பிளேக் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றபோது, மூச்சுக்காற்றில் பரவும் நோய் இது என்று கண்டு, துணி முகமூடி கட்டச் சொல்லி, பிணங்களை எரிக்க வைத்து, சில மாதங்களில் அதை அடக்கியவர் அவர். 1937இல் மலாயாவுக்கே திரும்பி ஈப்போவில் வைத்தியம் பார்த்தார், 1960இல் பினாங்கில் காலமானார். பினாங்கை விட்டு நகரக்கூடாது என்று கட்டிப் போட்டிருந்தால் ஹார்பினில் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு யார் போயிருப்பார்? உள்ளூர்ப் பிள்ளை உலகத்துக்குப் பயன்பட்டால் அதில் உள்ளூருக்கு நட்டம் ஏதும் இல்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கடல்சார் பொறியியல் படித்தவனுக்கும் தரவு அறிவியல் படித்தவளுக்கும் பட்டர்வொர்த்தில் வேலை எங்கே? வேலை கோலாலம்பூரில், சிங்கப்பூரில். எழுதி வாங்கிய தாளை வைத்துக்கொண்டு அவர்கள்மேல் வழக்குப் போடுவீர்களா? போட மாட்டீர்கள். அப்படியானால் அந்தத் தாளால் ஒரே பலன்தான்: சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் என்ற பழியைப் பதினெட்டு வயதிலேயே அவன் தலையில் ஏற்றுவது.

நிபந்தனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சின்னதாக, தெளிவாக, படிக்கும் காலத்திலேயே முடியக்கூடியதாக வையுங்கள். நம் பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மலாய் வழிக் கணிதத்திலும் அறிவியலிலும் முதல் சில மாதங்கள் திணறுகிறார்கள். பல்கலைக்கழக விடுமுறையில் அந்தப் பிள்ளைகளோடு வாரம் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வு முடித்தவர்களுக்கு, அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும் யுபியு விண்ணப்பம் போடக் கூட இருந்து கைகொடுக்கச் சொல்லுங்கள். எந்தத் துறையை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்று தெரியாமலே எத்தனை பேர் நல்ல இடத்தைக் கோட்டைவிடுகிறார்கள்! இது நடக்கிற காரியம்தான். 1982இல் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் பல்கலைக்கழக மாணவர்களையே ஆசிரியர்களாக்கித் தோட்டப்புறப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அங்கே படித்தவர்களே பிறகு பாடம் நடத்த வந்தார்கள். அவர்களை வரவழைத்தது எந்தப் பத்திரமும் இல்லை, தனக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அண்ணனின், அக்காவின் முகம்.

உங்கள் விண்ணப்ப பாரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘சமூக சேவை, சான்றிதழ் இணைக்கவும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். வசதியுள்ள பிள்ளை கடற்கரையில் குப்பை பொறுக்கிய சான்றிதழை இணைக்கும். அடுக்குமாடியில் பத்தாவது மாடியில் இருக்கிற பிள்ளை பாட்டியை மாதாமாதம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டர் சொன்ன மலாயைத் தமிழில் சொல்லி, அதே மாடியில் இருக்கிற நான்கு வீட்டுக்கு அரசாங்க உதவித்தொகை பாரமும் நிரப்பிக் கொடுத்திருக்கும். அதற்கு யார் சான்றிதழ் கொடுப்பார்? அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும், நீங்கள் தள்ளிவிடுவீர்கள். சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் பிள்ளையைத் தேடுகிறீர்கள். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிற பிள்ளை உங்கள் பாரத்தாலேயே வெளியே நிற்கிறது. சான்றிதழ் கட்டத்தை எடுத்துவிட்டு, ‘வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நீ யாருக்கு என்ன செய்கிறாய்?’ என்று தமிழில் கேளுங்கள். பதிலையும் தமிழில் எழுதலாம் என்று சொல்லுங்கள். நேர்காணலுக்குப் பிள்ளையை அலையவிடாமல் நீங்கள் வீட்டுக்குப் போங்கள். எஸ்பிஎம்மில் எட்டாவது ஏ கிடைக்காமல் போனதற்கான காரணம் வாசலிலேயே தெரியும்.

இவ்வளவையும் செய்ய உங்கள் செயலவை ஒப்புக்கொண்டால், புதிய பாரத்தையும் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளையும் எனக்கு அனுப்புங்கள். பதிவு நாளுக்கு ஒரு மாதம் முன்பாவது பணம் கைக்குக் கிடைக்கும் என்ற உறுதியும் அதில் இருக்கட்டும். அடுத்த இதழிலேயே முழுப்பக்கம் போடுகிறேன், கட்டணம் வேண்டாம்.