வீட்டிலேயே சுலபமாகப் பருப்பு சூப் செய்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். வேலை முடிந்து வந்து அரை மணி நேரத்தில் வைத்துக் குடிக்கிற மாதிரி ஒரு பருப்பு சூப் வேண்டும். நீங்கள் வைக்கும்போது தண்ணீர் மேலேயும் பருப்பு அடியிலுமாகப் பிரிந்து நிற்கிறது, அது ஏன் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சரி செய்துவிட்டால் முதலாவது தானாக வந்துவிடும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பருப்பு, தக்காளி, வெங்காயம், உப்பு எல்லாவற்றையும் குக்கரில் ஒன்றாகப் போட்டு மூன்று விசில் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தக்காளிதான் அங்கே வேலையைக் கெடுக்கிறது. பருப்பின் உள்ளே செல்களை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்பு சேர்ந்தால் லேசில் இளகாது. பருப்பு வெந்த மாதிரி இருக்கும், விரலில் வைத்து நசுக்கினால் நசுங்கவும் செய்யும், ஆனால் தண்ணீரோடு கலக்காது. சாம்பாருக்குப் பருப்பைத் தனியாக வேகவைத்துக் கடைந்துவிட்டு அப்புறம்தானே புளிக்கரைசலில் சேர்க்கிறோம், அந்த வழக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே காரணம்தான்.

இன்னொரு சந்தேகம், உங்கள் வீட்டுத் தண்ணீர். நான் கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து, ஊரைத் தள்ளி ஒரு வாடகை வீட்டில் போர் தண்ணீரில் சமைக்க ஆரம்பித்தபோது பருப்பு எட்டு விசில் வைத்தாலும் குருணை குருணையாகவே நின்றது. கடையை மாற்றிப் பார்த்தேன், பருப்பை ஊறவைத்துப் பார்த்தேன், குக்கர் கேஸ்கெட்கூட மாற்றினேன். ஒரு நாள் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பருப்பு மேல குத்தமில்ல கண்ணு, தண்ணிய மாத்திப் பாரு" என்றார். அன்றைக்கே கேன் தண்ணீர் ஊற்றி வைத்தேன், மூன்றே விசிலில் வெண்ணெய் மாதிரி மசிந்துவிட்டது. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் அந்தப் பெக்டினை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள், படிந்தால் சூப்புக்குக் குடிதண்ணீரையே ஊற்றுங்கள். ரொம்ப நாள் டப்பாவில் கிடந்த பழைய பருப்பும் இப்படித்தான் அடம்பிடிக்கும்.

சரி, எந்தப் பருப்பு? சூப் என்றால் என் கை போவது மைசூர் பருப்புக்குத்தான். துவரம் பருப்பு ருசிதான், ஆனால் அதற்கு நேரம் வேண்டும், சாம்பார் வாசனையும் வந்துவிடும். பாசிப்பருப்பை வறுத்து வைத்தால் வயிற்றுக்கு இதமாக இருக்கும், அதை உடம்பு சரியில்லாதவர்களுக்காக வைத்துக்கொள்ளலாம். மைசூர் பருப்பு ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் திறந்த பாத்திரத்திலேயே வெந்து கரைந்துவிடும். நூறு கிராமில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு கிண்ணம் குடித்தால் இரவுச் சாப்பாடு முடிந்த மாதிரி வயிறு நிற்கும். (கேமராவிலும் கண்ணாடியிலும் இருக்கும் லென்ஸுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தப் பயறின் லத்தீன் பெயரிலிருந்துதான். தோலோடு இருக்கும் முழுப் பயறைக் கையில் எடுத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்து அதே வடிவத்தில் இருக்கும்.)

இரண்டு பேருக்கு அரை டம்ளர் பருப்பு, அதாவது 80 கிராம் அளவுக்கு எடுத்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் மூன்று நான்கு முறை அலசிக்கொள்ளுங்கள். அடி கனமான பாத்திரத்தில் மூன்றரை டம்ளர் தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள் தூள், இரண்டு சொட்டு நல்லெண்ணெய். உப்பு இப்போது வேண்டாம். கொதி வந்ததும் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் நுரை கட்டிக்கொண்டு மேலே வரும், கரண்டியால் வழித்து எறிந்துவிட்டுத் தீயைக் குறைத்துவிடுங்கள். இதனால்தான் மைசூர் பருப்பைக் குக்கரில் வைப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, நுரை விசில் வழியாகப் பீய்ச்சி அடித்து அடுப்பெல்லாம் மஞ்சளாகிவிடும்.

இனி நிறத்தைக் கவனியுங்கள். போடும்போது செங்கல் நிறத்தில் இருந்த பருப்பு பத்து நிமிடத்தில் வெளுக்கும், பதினைந்தாவது நிமிடத்தில் ஓரங்கள் கலைந்து ஒவ்வொரு பருப்பும் பூ மாதிரி விரியும், அப்புறம் எது பருப்பு எது தண்ணீர் என்று தெரியாமல் ஒரே மஞ்சளாகிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு மத்தால் ஒரு நிமிடம் கடையுங்கள். மிக்ஸி வேண்டாம், கொழகொழவென்று பசை மாதிரி ஆகிவிடுகிறது. மத்தில் கடைந்தால் நாக்கில் லேசாக ஒரு மணல் தன்மை நிற்கும், சூப்புக்கு அதுதான் அழகு. கரண்டியில் மொண்டு ஊற்றிப் பாருங்கள், அறுபடாமல் ஒரே சீராக விழுந்தால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது.

பருப்பு வேகிற நேரத்தில் பக்கத்து அடுப்பில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் ஆறேழு சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு தக்காளி, எல்லாம் பொடியாக நறுக்கியதை அந்த வரிசையிலேயே போட்டு, தக்காளி குழைந்து எண்ணெய் பிரிகிற வரைக்கும் வதக்கிவிடுங்கள். இதைக் கடைந்த பருப்பில் கொட்டி, உப்பு போட்டு, அரை ஸ்பூன் மிளகும் அரை ஸ்பூன் சீரகமும் ஒன்றிரண்டாக இடித்துச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விட்டால் போதும். மிளகைக் கடைப் பொடியாகப் போடாதீர்கள், அப்போதைக்கு அப்போது இடித்தால்தான் அந்தக் காரமும் வாசனையும். ஆங்கிலேயர்கள் மதராஸில் இருந்தபோது பிடித்துப்போய்க் கறியும் காய்கறியும் சேர்த்துத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோன முல்லிகடானி சூப்பின் பெயர் நம்முடைய 'மிளகுத் தண்ணி'தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தாளிப்பைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். ஒரு மேசைக் கரண்டி நெய், காய்ந்ததும் கால் ஸ்பூன் சீரகம், ஒரு காய்ந்த மிளகாய், ஒரு ஆர்க்கு கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். சீரகம் வெடித்து நிறம் மாறுகிற அந்த நொடியில் சூப்பின் மேல் 'சொய்ங்' என்று கொட்டி உடனே மூடிவிடுங்கள். இரண்டு நிமிடம் திறக்காதீர்கள், வாசனை முழுக்க உள்ளேயே இறங்கட்டும். துருக்கியிலும் மைசூர் பருப்பு சூப் வீட்டுக்கு வீடு உண்டு, அவர்கள் வெண்ணெயை உருக்கி மிளகாய்த்தூளைப் போட்டு மேலே ஊற்றி எலுமிச்சை பிழிந்து குடிப்பார்கள். மழை நாட்களில் நான் அப்படியும் செய்வதுண்டு, ரொம்ப நன்றாக இருக்கும். எலுமிச்சை எப்போதுமே இறக்கிய பிறகுதான்.

இவ்வளவு அக்கறையாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு அப்பாவுக்கு டைபாய்டு வந்து பதினெட்டு நாள் படுக்கையில் இருந்தார். இட்லி இறங்கவில்லை, கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊருக்குப் போயிருந்த நான் பாசிப்பருப்பை வாசம் வருகிற வரைக்கும் வறுத்து, குழைய வேகவைத்துக் கடைந்து, வெங்காயம் தக்காளி எதுவும் இல்லாமல் உப்பு, துளி மிளகு, அரை ஸ்பூன் நெய் மட்டும் போட்டு ஒரு சின்ன டம்ளரில் கொண்டுபோனேன். மூன்று மடக்கு குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தருவார் என்றுதான் நினைத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சூட்டை ஊதி ஊதி முழுவதும் குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்து சாமி" என்று நீட்டினார். அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய் மிச்சத்தைச் சூடு பண்ண ஆரம்பித்தார்.

காய்ச்சல்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் வைக்கும்போது ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் வெந்த பருப்பின் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் இறுத்து, பருப்புத் தண்ணி என்று கொடுக்கிறார்கள். அதில் ருசி இருக்கும், புரதத்தில் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். கடைந்து மொத்தமாகக் கொடுங்கள், திக்காக இருக்கிறதென்றால் வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

மிச்சமானால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுக்கலாம். இறுகி அல்வா மாதிரி நிற்கும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், ஆறினால் பருப்பு அப்படித்தான் இறுகும். அரை டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கரண்டியால் கரைத்து ஒரு கொதி விட்டால் பழையபடி வந்துவிடும். உப்பைத் திரும்பப் பார்த்துக்கொண்டு தாளிப்பை மட்டும் புதிதாகப் போடுங்கள். நான் சில சமயம் அதை இளக்காமல், இறுகினபடியே சூடு பண்ணிச் சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்து ஒரு சுட்ட அப்பளத்தோடு சாப்பிட்டுவிடுவேன்.