போட்டி முடிவுகளை இதழிலிருந்து இணையத்துக்கு மாற்றினால் ஹாம்களுக்கு ஏன் கோபம் வருகிறது?

ஹாம்கள் என்றால் பொழுதுபோக்காக வானொலி அலையில் ஒருவரையொருவர் தொடர்புகொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். அவர்களின் அமெரிக்கச் சங்கமான ஏஆர்ஆர்எல் 1915 முதல் நடத்தும் க்யூஎஸ்டி இதழில், ஒரு காலத்தில், குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை அதிக நிலையங்களைத் தொடர்புகொள்ளும் வானொலிப் போட்டியில் கலந்துகொண்டவர்களின் அழைப்புக்குறியும் (நிலையத்தின் அடையாளப் பெயர்) மதிப்பெண்ணும் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக வரும். அந்தப் பட்டியலை இணையத்துக்குத் தள்ளியதில்தான் சண்டையே.

வார இறுதி முழுக்கச் சரியாகத் தூங்காமல் மோர்ஸ் சாவியைத் தட்டியவருக்கு, எத்தனையாவது இடத்தில் வந்திருந்தாலும், தன் குறியை அச்சில் விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பரிசு. அதோடு, போட்டிப் பக்கமே வராத உறுப்பினர்கூட இதழைப் புரட்டும்போது அதைப் பார்ப்பார், இணையத்தில் தேடிப் போகிறவர் மட்டும்தான் பார்ப்பார் என்கிறது காகிதக் கட்சி. நியாயம்தான்.

ஆனாலும் என் ஓட்டு இணையத்துக்கு. அச்சில் முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் யாரிடம் தோற்றோம் என்பதே மறந்துவிடும். இணையத்தில் குறைந்த மின்திறன் பிரிவு, தனியாள் பிரிவு என்று பிரித்துப் பார்க்கலாம். அப்புறம், நாம் அனுப்பிய தொடர்புப் பதிவேட்டைச் சரிபார்த்துத் தரும் அறிக்கை கிடைத்தால் எந்தத் தொடர்பில் எந்த எழுத்தைத் தவறாகக் கேட்டோம் என்பதுவரை தெரியும். அதில் கற்றுக்கொள்கிற அளவுக்குப் பொடி எழுத்துப் பட்டியலில் ஒன்றும் இல்லை.

பணமும் இருக்கிறது, மறக்க வேண்டாம்: 2024 முதல் அமெரிக்க உறுப்பினர்கள் அச்சுப் பிரதி வேண்டுமென்றால் சந்தா போக ஆண்டுக்குத் தனியாக 25 டாலர் கட்ட வேண்டும்.