கீட்டோன் அளவு ஏறி இறங்குவது ஏன்?

கேள்வி: நான் 47 வயதுப் பெண், வங்கியில் வேலை. மூன்று ஆண்டுகளாக, மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையில் இருக்கிறேன். எடை 84 கிலோவிலிருந்து 66 ஆனது. மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 9.1 சதவீதத்திலிருந்து 6.3-க்கு வந்துவிட்டது. கொழுப்பு எரியும்போது கல்லீரல் தயாரிக்கும் கீட்டோனைக் காட்டும் சிறுநீர் ஸ்ட்ரிப், முதல் ஆண்டில் கரும் ஊதாவாக மாறும். இப்போது லேசான ரோஸ் நிறம்கூட வருவதில்லை. அதனால் ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் மீட்டர் வாங்கினேன். காலையில் 0.3, அன்று மாலை 1.4, மறுநாள் காலை 0.2, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 2.1 என்று காட்டுகிறது. சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை. எங்கே தவறு செய்கிறேன்? இரண்டு நாள் வெறும் தண்ணீர் விரதம் இருந்தால் அளவு நிலையாகுமா? ஆறு மாதமாக டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதைப் படித்ததும் மற்ற எண்களெல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. தண்ணீர் விரதம் வேண்டாம். இரண்டு நாள் மட்டுமல்ல, ஒரு நாள்கூட வேண்டாம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துகள். ஆனால் சர்க்கரை குறையும்போது இன்சுலினும் குறைகிறது, கல்லீரல் கீட்டோன் தயாரிப்பதைக் கூட்டுகிறது. கீட்டோ உணவும் செய்வது இதைத்தான். இரண்டும் ஒரே திசையில் தள்ளும்போது மூன்றாவதாக ஒரு விரதமோ, காய்ச்சலோ, இரண்டு நாள் வயிற்றுப்போக்கோ சேர்ந்தால், கீட்டோன் கட்டுக்கடங்காமல் ஏறி ரத்தம் அமிலமாகிவிடலாம். இதைத்தான் கீட்டோ அசிடோசிஸ் என்கிறோம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மாத்திரைகளைப் பற்றி 2015-லேயே எச்சரித்தது.

இதில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஒன்றுண்டு. வழக்கமான கீட்டோ அசிடோசிஸில் சர்க்கரை 300, 400 என்று எகிறும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு 160, 180 என்று சாதாரணமாகவே இருக்கலாம். ஓயாத வாந்தியோடு வந்த ஒருவரை, சர்க்கரை 170 தானே என்று அசிடிட்டிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சரியான நேரத்தில் ஒரு ரத்தக் கீட்டோன் சோதனை செய்திருந்தால் அந்த ஒரு நாள் வீணாகியிருக்காது.

அதனால் இந்த வாரமே உங்கள் சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள். “நான் அரிசி, கோதுமை, கிழங்கு எதுவும் சாப்பிடுவதில்லை, மூன்று வருஷமாகக் கீட்டோவில் இருக்கிறேன்” என்று அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாத்திரை எழுதியபோது அவருக்கு இது தெரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். டயட் என்றால் திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கிறவர்கள் நிறையப் பேர். கீட்டோவைத் தொடர்வதென்றால் இந்த மாத்திரைக்குப் பதில் வேறு மாத்திரைக்கு மாறுவதுதான் பொதுவான வழக்கம். ஆனால் இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ அதைக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்துவது சரியல்ல. அப்போது மாற்ற வேண்டியது உணவாகவும் இருக்கலாம். அதுவரை ஒரு வேளை உணவையும் தவிர்க்காதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், காரணமில்லாத களைப்பு, இவற்றில் எது வந்தாலும், அல்லது சாப்பிட முடியாத அளவு காய்ச்சல் வந்தாலும், அன்றைய மாத்திரையைப் போடாமல் ரத்தக் கீட்டோனைப் பாருங்கள். 1.5-ஐத் தாண்டினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். வாந்தியோ மூச்சு வாங்குதலோ இருந்தால், அல்லது அளவு 3-ஐ நெருங்கினால், சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரத்தத்தில் காணும் கீட்டோன், கல்லீரல் தயாரிப்பதற்கும் மூளையும் தசையும் எரிப்பதற்கும் இடையில் மிஞ்சும் பாக்கி மட்டுமே. கிணற்றில் ஊற்று நன்றாக இருந்தும் இறைப்பு அதிகமானால் நீர்மட்டம் தாழ்வாகத் தெரிவதைப் போல. முதல் ஆண்டில் நீங்கள் வேகமாக இளைத்துக்கொண்டிருந்தீர்கள், கொழுப்பு ஏராளமாகக் கரைந்தது. இன்று எடை நிலைத்துவிட்டது, தேவைக்குத் தக்கபடிதான் தயாரிப்பும் நடக்கிறது. எண் குறைந்ததாலேயே டயட் தோற்றுவிட்டதாக ஆகாது.

சிறுநீர் ஸ்ட்ரிப் நிறம் மாறாததற்கும் காரணம் இருக்கிறது. அந்த ஸ்ட்ரிப் காட்டுவது அசிட்டோஅசிடேட் என்ற கீட்டோனை. உங்கள் மீட்டர் அளப்பது பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற வேறொன்றை. மாதங்கள் போகப்போக உடல் கீட்டோனைச் சிறுநீரில் அதிகம் வீணாக்காமல் வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. போதாததற்கு, நீங்கள் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாலே நிறம் வெளிறிவிடும். அந்த ஸ்ட்ரிப் டப்பாவை இனி மறந்துவிடலாம்.

காலையில் 0.3, மாலையில் 1.4 என்பதும் பலரிடம் காணும் வழக்கமான போக்குதான். விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கல்லீரலைத் தட்டி எழுப்பிச் சர்க்கரையை வெளியே விடச் செய்கின்றன, கீட்டோன் தாழ்கிறது. மாலையில் அது ஏறும். நீண்ட நேரம் நடந்துவிட்டு வந்தாலும் சற்று நேரத்தில் ஏறும். அந்த ஞாயிற்றுக்கிழமை 2.1 வந்தபோது மதியச் சாப்பாட்டைத் தவிர்த்தீர்களா, தேங்காய் எண்ணெய் கூடுதலாகச் சேர்த்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெயில் உள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு மற்றவற்றைவிடச் சீக்கிரம் கீட்டோனாகிறது. மாத்திரைக்கும் அதில் பங்கு இருக்கலாம். தூக்கம் கெட்ட இரவு, ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாத நெருக்கடி, சளிக்குப் போட்ட ஸ்டீராய்டு மாத்திரை எல்லாமே எண்ணை மாற்றும். உங்கள் வயதில் மாதவிடாய் தள்ளிப்போவதும் முன்கூட்டி வருவதும் சகஜம், அந்த ஹார்மோன் மாற்றத்தாலும் சிலருக்கு ஏற்ற இறக்கம் தெரிகிறது.

மீட்டரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 0.2-க்கும் 0.4-க்கும் உள்ள வித்தியாசத்தில் அர்த்தம் தேடாதீர்கள்; ஒரே விரலில் அடுத்தடுத்துப் பார்த்தாலே அவ்வளவு மாறலாம். ஸ்ட்ரிப்பின் தேதி முடிந்துவிட்டதா, வெயிலிலோ அடுப்பங்கரைச் சூட்டிலோ இருந்ததா என்று பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு குத்துங்கள்.

“சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை” என்பதை நான் முழுமையாக ஏற்பதற்கில்லை. மூன்று ஆண்டுகளில் அளவுக் கரண்டி தானாகவே பெரிதாகிவிடும், யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் சர்க்கரை போடாமல் மூன்று காபி குடிக்கிறீர்களா? ஒவ்வொன்றிலும் 100 மில்லி பால் என்றால் சுமார் 5 கிராம் மாவுச்சத்து, மூன்றுக்கு 15 கிராம். ஒரு நாளுக்கு 20, 30 கிராம் என்று கணக்கு வைத்திருப்பவருக்கு அதில் பாதியோ அதற்கு மேலோ காலி. பாதாமுக்குப் பதில் ஒரு கைப்பிடி முந்திரி என்றால் இன்னொரு 8 கிராம். சட்னியில் பொட்டுக்கடலை, கிரேவியில் வதக்கிய வெங்காயம், இருமல் சிரப், ‘கீட்டோ’ என்று ஒட்டி விற்கும் பிஸ்கட் எல்லாம் சத்தமில்லாமல் சேரும்.

மாத்திரை விஷயம் முடிவானபின் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் எதையும் சாப்பிடுமுன் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, அவ்வளவுதான். கூடவே சர்க்கரை அளவு, தூக்கம், நடை, மாதவிடாய் நாள். முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். இரண்டாவது வாரம் பால் காபியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

இன்னொன்று. வலிப்பு நோய்க்காக இந்த உணவைக் கொடுக்கும்போது கீட்டோன் அளவே மருந்தின் அளவு மாதிரி. 1921-ல் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் இதை முன்வைத்ததே அதற்காகத்தான். உங்கள் இலக்கு எடையும் சர்க்கரையும். 6.3 இருக்கிறது, 66 கிலோ நிற்கிறது. காலையில் 0.3 காட்டினால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது கொலஸ்டிரால், கிரியாட்டினின், யூரிக் ஆசிட் மூன்றையும் எடுத்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அவற்றையும் பார்த்துவிடுங்கள். நீண்ட காலக் கீட்டோவில் சிலருக்குக் கெட்ட கொலஸ்டிரால் நன்றாகவே ஏறுகிறது, சிலருக்குச் சிறுநீரகக் கல் வருகிறது. பல் பிடுங்குவதோ அறுவை சிகிச்சையோ திட்டமிட்டிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தியாக வேண்டும்.